மீண்டும் ஐந்தாம் வகுப்பில்: கொம்யூனிற்றி கொலிஜ்களின் வளர்ந்தோர் அடிப்படைக் கல்வி குறித்து

ரொறன்ரோத் தமிழரின் பேச்சில் 'அப்கிறேடிங்' என்ற சொல்லுக்கு இரண்டு தொனிகள் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாத மகன் ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் அவன் 'அப்கிறேட் பண்ணுறான்'. அதில் யாருக்கும் வெட்கமில்லை. நாற்பத்தெட்டு வயதுத் தாய் காலையில் பஸ் பிடித்துக் கொம்யூனிற்றி கொலிஜ் ஒன்றுக்குப் போய்ப் பின்னமும் சதவீதமும் பந்தி எழுதுவதும் படித்தால் அதற்கும் பெயர் அப்கிறேடிங்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் அது சொல்லப்படுவதில்லை. 'அம்மா ஏதோ கோர்ஸ் ஒண்டுக்குப் போறா' என்பதுடன் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

அந்த 'ஏதோ கோர்ஸ்' பற்றியே இங்கு எழுத வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் வளர்ந்த ஒருவர் படிப்பைத் திரும்பத் தொடங்குவதற்கு இதைவிட அகலத் திறந்த வாசல் வேறில்லை. கட்டணம் கிடையாது. இடப்பெயர்வில் தொலைந்த சான்றிதழை யாரும் கேட்பதில்லை. பத்தொன்பது வயதைத் தாண்டியவர் ஒரு மதிப்பீட்டுச் சோதனையுடன் உள்ளே போகலாம். ஆயினும் எமது பத்திரிகைகளில் பல்கலைக்கழகப் பிரவேசம் பற்றி வருகிற பக்கங்களில் நூறில் ஒரு பங்குகூட இது பற்றி வருவதில்லை. எழுதப்படாத ஒன்று விமர்சிக்கப்படவும் முடியாது. விமர்சிக்கப்படாத ஒன்று அதை நடத்துபவர்களின் வசதிப்படியே நடக்கும்.

இந்தக் கல்லூரிகள் தோன்றிய விதத்தை முதலில் சற்றுப் பார்க்கலாம். 1965இல் வில்லியம் டேவிஸ் கல்வி அமைச்சராக இருந்தபோதே ஒன்ராறியோவில் கொம்யூனிற்றி கொலிஜ்களுக்கான சட்டம் வந்தது. முதலில் திறக்கப்பட்டது 1966இல், ஸ்காபரோவில், சென்ரெனியல் கொலிஜ். இரண்டாம் உலக யுத்தகாலத்து ஆயுதத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில்தான் அது இயங்கத் தொடங்கியது. பின்னாளில் தமிழர் செறிந்து வாழப்போகும் அந்தப் பகுதியின் முதலாவது கொம்யூனிற்றி கொலிஜ் கையிருப்பிலிருந்த பழைய தொழிற்சாலைக்குள் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போகாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான கல்வி என்பதே அன்றைய எண்ணம். 1967இல் மத்திய அரசு வளர்ந்தோர் தொழிற்பயிற்சிச் சட்டத்தைக் கொண்டுவந்து, கல்லூரிகளில் இடங்களைத் தானே விலைக்கு வாங்கி, வேலையற்றோரை அங்கு அனுப்பியது. படிக்கும் காலத்துக்கு அவர்களுக்குப் படிப்பணமும் கொடுத்தது. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய அடிப்படைப் பாடங்களுக்கும் அது உண்டு. படிக்கிற தொழிலாளியும் சாப்பிடவேண்டும், வாடகை கட்டவேண்டும் என்ற சாதாரண உண்மையை ஒரு அரசு ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஒப்புதல் பின்னர் துண்டு துண்டாகத் திரும்பப் பெறப்பட்டது. 1992இல் புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் மொழி வகுப்புகள் தொடங்கின. முன்னைய ஏற்பாட்டில் வேலைக்குப் போகிறவர் என்று கணக்கிடப்படாத பெண்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள் என்பதால் லிங்க் அவர்களுக்கு ஒரு முன்னேற்றம்தான். ஆனால் அதே மூச்சில் படிப்பணம் போய்விட்டது. பிரஜாவுரிமை எடுத்தவர்களுக்கும், தீர்ப்புக்குக் காத்திருக்கும் அகதிக் கோரிக்கையாளர்களுக்கும் அதில் இடமில்லை. 1997இல், மைக் ஹரிஸின் அரசு சமூகநலக் கொடுப்பனவுகளை வெட்டிக்கொண்டிருந்த நாட்களில், மாகாணத்தின் எழுத்தறிவு மற்றும் அடிப்படைத் திறன்கள் திட்டம் உருவானது. இன்று கொலிஜ்களில் 'அக்கடமிக் அப்கிறேடிங்' என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளின் பெரும்பகுதி இந்தத் திட்டத்தின் பணத்தில்தான் நடக்கிறது. படிப்பு இலவசம், படிக்கும் நேரத்துக்குரிய சீவியம் உன் பாடு என்பதே இதன் சாரம். (நோர்வேயில் 2004இல் நடைமுறைக்கு வந்த அறிமுகச் சட்டம் புதிதாக வந்த அகதிக்கு மொழி படிக்கும் காலத்தில் கொடுப்பனவு வழங்கியது. அதற்கு அதற்கேயுரிய கெடுபிடிகள் இருந்தன என்று அங்கத்தைய நண்பர்கள் சொல்வார்கள். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.)

இந்தத் திட்டத்துக்கு 2012 முதல் ஒரு பாடத்திட்டச் சட்டகம் இருக்கிறது. அதை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் சில விடயங்கள் தெளிவாகும். படிப்பவர் முதலில் ஐந்து பாதைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும்: வேலை, தொழில் பழகுநர் பயிற்சி, உயர்பாடசாலைத் திறமைப்புள்ளி, கல்லூரிப் படிப்பு, சுயாதீன வாழ்வு. அறிவு ஆறு ஆற்றல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றில் முதலாவது 'தகவலைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தல்'. வாசிப்பு என்பது இந்தத் தலைப்பின் கீழ் ஒரு உட்பிரிவு மட்டும்தான். எழுதுவது 'கருத்துகளையும் தகவலையும் தொடர்புபடுத்தல்' என்பதற்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு ஆற்றலிலும் மூன்று படிகள். இடையிடையே 'மைல்கல்' எனப்படும் சிறு சோதனைகள். படிகளின் அளவுகோல் மத்திய அரசு 1994இல் தொடங்கிய 'அத்தியாவசியத் திறன்கள்' ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, வேலைத்தலத்தில் ஒரு தொழிலாளிக்கு என்னென்ன தேவை என்பது. ஒரு மனிதருக்கு என்ன தேவை என்று கேட்டிருந்தால் பட்டியல் வேறாக வந்திருக்கும்.

வேலைத்தலப் பத்திரங்களை வாசிக்கப் பழக்குவது இழிவான காரியம் என்று நான் சொல்லவரவில்லை. 'உண்மையான கல்வி' வேறு, 'பயன்பாட்டுக் கல்வி' வேறு என்று பிரித்துப் பின்னதைப் பழிக்கும் படித்த மேட்டிமைத்தனத்தை எம்மிடையே நிறையவே பார்த்தாயிற்று. இரசாயனப் போத்தலின் எச்சரிக்கை லேபலை வாசிக்க முடிவது உயிரோடு சம்பந்தப்பட்டது. வாடகை ஒப்பந்தத்தை வாசிக்க முடிவது வீட்டோடு சம்பந்தப்பட்டது. எனது ஆட்சேபம் இவை கற்பிக்கப்படும் எல்லை பற்றியது. நான் பார்த்த பயிற்சித்தாள் ஒன்றில் ஒரு சம்பளத்துண்டின் பிரதி இருந்தது. கேள்விகள் இவ்வாறு போகின்றன: மொத்தச் சம்பளம் எவ்வளவு? கழிவுகள் எத்தனை? வேலை செய்த மணித்தியாலங்கள் எத்தனை? கடைசிக் கேள்விக்கு விடை 48. ஒன்ராறியோவின் தொழில் நியமச் சட்டப்படி பெரும்பாலான வேலைகளில் வாரத்துக்கு 44 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும். அந்தத் துண்டில் அது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி தாளில் இல்லை. 48 என்று எழுதியவருக்கு முழுப் புள்ளி. தகவல் 'கண்டுபிடிக்கப்பட்டு'விட்டது. ஏஜென்சி மூலம் பக்டரி வேலைக்குப் போகும் எம்மவர் ஒருவருக்கு அந்தத் தாளில் உண்மையிலேயே பெறுமதியான கேள்வி எதுவோ அது கேட்கப்படாமலே பாடம் முடிகிறது.

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பெயர் ஒன்று உண்டு: பாவ்லோ ஃபிறேயிரே. எமது சஞ்சிகைகளில் அவரை மேற்கோள் காட்டாத இதழ் குறைவு. அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. 1963இல் பிறேசிலின் வடகிழக்கிலுள்ள அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணித்தியால வகுப்புகளில் எழுத வாசிக்கக் கற்பித்தார்கள். அவர்களது அன்றாடத்திலிருந்தே பாடச் சொற்கள் எடுக்கப்பட்டன. செங்கல் என்ற சொல்லை அசை பிரித்துப் படிக்கும்போதே யார் கல் அடுக்குகிறார், அந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற பேச்சும் கூடவே நடந்தது. மறு வருடம் இராணுவச் சதி. ஃபிறேயிரே சிறைக்குப் போய், பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். 'ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை' என்ற நூல் 1968இல் அவர் சிலியில் தஞ்சமடைந்திருந்தபோது எழுதப்பட்டது. வளர்ந்தோருக்கு எழுத்தறிவித்ததற்காக அகதியானவர் அவர். எழுத்தறிவு என்பது ஆபத்தான சரக்கு என்பதைப் பிறேசிலின் ஜெனரல்கள் எங்கள் கொலிஜ் நிர்வாகங்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் போலும்!

சட்டகத்தின் குறை வேலையை மையப்படுத்தியதோடு முடியவில்லை. அதைவிட ஆழமான ஒரு குறை, அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் 'மாதிரி மாணவர்' இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் சரளமாகப் பேசுவார். பாடசாலையை இடையில் விட்டவர். எழுத்தும் கணக்கும் வராது. வகுப்பில் சேருவதற்கே பேச்சாங்கிலம் ஓரளவு இருக்கவேண்டும் என்பது விதி. இப்போது வல்வெட்டித்துறையிலோ வவுனியாவிலோ க.பொ.த. சாதாரண தரம்வரை தமிழில் படித்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். இருபடிச் சமன்பாடு தெரியும். ஆங்கில இலக்கணம்கூடக் கொஞ்சம் மனப்பாடமாக இருக்கும். வராதது பேச்சு. அதாவது மாதிரி மாணவரைத் தலைகீழாகப் பிடித்தால் எங்கள் ஆள்!

மதிப்பீட்டுச் சோதனை இவரை எப்படி அளக்கிறது? கணக்குத் தாளில் வெறும் எண்களாக உள்ள பகுதியில் எல்லாம் சரி. அடுத்து வசனக் கணக்குகள். ஒரு உணவகத்தில் பில்லுக்கு மேல் 15 சதவீத 'ரிப்' வைத்தால், வரிக்கு முன்னா பின்னா? மூன்று 'குவாட்டர்', நான்கு 'டைம்', இரண்டு 'நிக்கல்' சேர்ந்தால் எவ்வளவு? (ஒரு டொலர் இருபத்தைந்து சதம். கூட்டல் இரண்டாம் வகுப்புக் கூட்டல்தான். நாணயங்களின் செல்லப்பெயர் தெரிந்திருக்கவேண்டும்.) பிறகு அங்குலம். இலங்கை எழுபதுகளில் மெற்றிக் முறைக்கு மாறிவிட்டது. அதற்குப் பின் பள்ளிக்குப் போன தலைமுறைக்குச் சென்ரிமீற்றர்தான் தெரியும். கனடாவும் அதே பத்தாண்டில் சட்டப்படி மாறிய நாடுதான். ஆனால் மரவேலை, கட்டட வேலை எல்லாம் இன்றுவரை அடி அங்குலத்தில் நடக்கிறது. எட்டில் மூன்று அங்குலம் அளவுநாடாவில் எந்தக் கோடு என்று கேட்டால், பின்னங்களைப் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தவர் தடுமாறுவார். விளைவு, 'கணிதம் ஐந்தாம் வகுப்புத் தரம்' என்ற முத்திரை. சோதனை அளந்தது கனடிய அன்றாடத்தின் பரிச்சயத்தை. முத்திரையில் எழுதப்படுவதோ கணித அறிவு என்று.

இந்த முத்திரை தனிமனிதரோடு நிற்பதில்லை. 2003ஆம் ஆண்டின் சர்வதேச எழுத்தறிவு ஆய்வின் பின் கனடிய வளர்ந்தோரில் 42 சதவீதமானோர் நவீன வாழ்வுக்குத் தேவையான மூன்றாம் படிக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் அலறின. அந்தச் சோதனை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே நடத்தப்பட்டது. ஞாயிறு தோறும் இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளை வரி விடாமல் வாசித்து, ஆசிரியருக்குக் கண்டனக் கடிதமும் எழுதுகிற எங்கள் ஊர் ஓய்வுபெற்ற தபாலதிபரும் அந்த அளவுகோலில் 'எழுத்தறிவு குறைந்தவர்' ஆகிவிடலாம். ஆங்கிலம் தெரியாதது வேறு, எழுத்தறிவு இல்லாதது வேறு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போடும்போது, பிழை அந்த மனிதரின் மூளையில் இருப்பதாகத் தோற்றம் எழுகிறது. அவரும் சில வருடங்களில் அதை நம்பத் தொடங்குகிறார்.

வேடிக்கை என்னவென்றால், தாய்மொழியின் இடம் இத்திட்டத்தை வகுத்தவர்களுக்குத் தெரியாத விடயமும் அல்ல. திட்டத்துக்குள் நான்கு பிரிவுகள் உள்ளன: ஆங்கிலம் பேசுவோர், பிரெஞ்சு பேசுவோர், பூர்வகுடிகள், செவிப்புலனற்றோர். செவிப்புலனற்றோருக்குச் சைகைமொழியில் கற்பிக்கப்படுகிறது. பூர்வகுடிகளின் நிலையங்கள் அவர்களது பண்பாட்டிலிருந்து தொடங்குகின்றன. நீண்ட அநீதிகளுக்கு எதிராகப் போராடிப் பெற்ற உரிமைகள் இவை. அவற்றில் கைவைக்கச் சொல்வது எனது நோக்கமல்ல. ஆனால் ஒருவரது சொந்த மொழியிலிருந்து தொடங்கினால்தான் கற்றல் நடக்கும் என்ற கொள்கை மூன்று பிரிவினருக்கு ஏற்கப்பட்டு, ஐந்தாவதாக வரும் குடிவரவாளருக்கு மட்டும் மறுக்கப்படுகிறதே, அதற்கு என்ன நியாயம்? யுனெஸ்கோ 1953இலேயே தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியை வலியுறுத்தி அறிக்கை வெளியிட்டது. ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத்திறனும் கருத்தாக்கமும் மறுமொழிக்கு இடம்மாறும் என்ற வாதத்தை 1979இல் எழுதியவர் ஜிம் கம்மின்ஸ். அவர் கற்பித்ததோ இதே ரொறன்ரோவில். கடைத்தெருப் பேச்சு இரண்டொரு வருடத்தில் வரும், பாடப்புத்தக மொழி வர ஐந்து வருடத்துக்கு மேலாகும் என்ற வேறுபாட்டையும் பிரபலப்படுத்தியவர் அவரே. உலகம் முழுதும் போய்ச் சேர்ந்த இந்த ஆய்வு, அது பிறந்த நகரத்தின் வளர்ந்தோர் வகுப்புகளுக்கு இன்னும் பஸ் ஏறி வரவில்லை.

இதுவரை சொன்னது படித்தும் படிக்காதவராக்கப்பட்டவரின் கதை. இனி உண்மையிலேயே படிக்க முடியாமல் போனவரைப் பற்றியும் பேசவேண்டும். எமது சமூகம் அவரை மறைத்து வைத்திருக்கிறது.

'எங்கட ஆக்களுக்குள்ள எழுத வாசிக்கத் தெரியாதவை ஆர் இருக்கினம்?' என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் புண்ணியத்தில் இலங்கையின் எழுத்தறிவு வீதம் உயர்ந்தது உண்மை. ஆனால் சராசரியை வைத்து ஆளை அழிக்கக்கூடாது. உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற நிலை 1930ஐ ஒட்டி வந்தபோது பாடசாலைகளுக்கே தீ வைத்த மண் யாழ்ப்பாணம். மலையகத் தோட்டப் பாடசாலைகள் எழுபதுகள்வரை அரசின் கைக்கே வரவில்லை. அப்புறம் யுத்தம். 1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் ஆறாம் வகுப்போடு நின்றார்கள்? இயக்கங்களுக்குப் பதினைந்து வயதில் போனவர்கள் எத்தனை பேர்? தம்பிமார் படிக்கட்டும் என்று அடுப்படியில் நிறுத்தப்பட்ட அக்காமார்? இவர்கள் எல்லோரும் கனடாவுக்கும்தான் வந்திருக்கிறார்கள். படிவம் நிரப்பவேண்டி வந்தால் 'கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், நீங்களே எழுதுங்கோ தம்பி' என்பார்கள். அந்தக் கண்ணாடி எப்போதும் வீட்டில்தான் இருக்கும்.

இப்படியான ஒரு பெண்ணை ஆங்கில வகுப்பில் இருத்தி, அவர் பேசாத ஒரு மொழியில், வாழ்க்கையில் முதன்முறையாக எழுத்தை அறிமுகப்படுத்துகிறோம். சத்தத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைத் தெரிந்த சொல்லில்தான் கண்டுபிடிக்க முடியும். 'அம்மா' என்று எழுதிக் காட்டினால் அங்கு கண்டுபிடிப்பு நடக்கும். அர்த்தம் தெரியாத ஆங்கிலச் சொல்லை நூறு தரம் பார்த்து எழுதினால் படம் கீறுவது மட்டுமே நடக்கும். தமிழில் ஆறு மாதம் எழுத்துப் பழகிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் ஆறு மாதம் வீண் என்று நினைப்பவர்கள், ஆறு வருடமாக ஒரே படியில் நிற்பவர்களைப் பார்த்ததில்லை.

வகுப்பறை எப்படி இருக்கிறது என்றும் சொல்லவேண்டும். 'அப்கிறேடிங்' வகுப்புகள் பலவற்றில் சேர்க்கை வருடம் முழுவதும் நடக்கும். யாரும் எந்தத் திங்கட்கிழமையும் வந்து சேரலாம். இது பெரிய வசதி. இதன் மறுபக்கம், இருபது பேரும் இருபது இடத்தில் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சிப் புத்தகம் அல்லது ஒரு கணினித் திரை. ஆசிரியர் மேசை மேசையாக வருவார். ஒருவர் தசமத்தில், பக்கத்தவர் அட்சரகணிதத்தில். பேசுவதற்குப் பொதுவான விடயம் எதுவும் இல்லை. பேச்சாங்கிலம் வராததால் பின்தங்கியவரை நாள் முழுவதும் மௌனமாக இருத்திவைக்கும் வகுப்பு! எங்கள் ஊர் ரியூட்டரிகளை நான் புகழமாட்டேன். ஓலைக்கொட்டிலில் இருநூறு பேரை அடைத்து மாஸ்ரர் மைக்கில் கத்துவதற்குப் பெயர் கல்வியல்ல. ஆனாலும் அங்கே பிழைவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், ஒருவன் சொல்லித்தருவான்.

இதற்காக ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் ஒப்பந்த அடிப்படையில் தவணைக்குத் தவணை வேலை பார்ப்பவர்கள். 2017இல் ஒன்ராறியோக் கல்லூரி ஆசிரியர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்த நிரந்தரமின்மையும் ஒரு முக்கிய காரணம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனார்கள் என்ற எண்ணிக்கையை அவர்கள் தொடர்ந்து கணக்குக் கொடுக்கவேண்டும். மெதுவாகப் போகிறவர் அந்தக் கணக்கில் ஒரு நட்டம். நல்ல மனமுள்ள ஆசிரியரும் கடைசியில் சீக்கிரம் முடிக்கக்கூடியவரிடமே அதிக நேரம் நிற்கும்படி ஆகிறது.

இவ்வளவுக்கும் பிறகும் இந்த வகுப்புகளை மூடச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். இதன் முடிவில் கிடைக்கும் 'ஏஸ்' சான்றிதழ் கல்லூரிப் பிரவேசத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. தொழில் பழகுநராகச் சேரவும் பயன்படுகிறது. பல்கலைக்கழக வாசல் பொதுவாக இதற்குத் திறப்பதில்லை. அதற்கு உயர்பாடசாலைச் சான்றிதழ் வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சேரும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தால் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தியிருப்பேன் என்றவர்களை அறிவேன். முப்பத்தொன்பது வயதில் இதை முடித்து மின்தொழில் பழகுநராகச் சேர்ந்தவரையும் அறிவேன். வாசல் உண்மையானது. ஆனால் பெண்கள் பலரும் முடிவில் ஒரே திசைக்கு, முதியோர் பராமரிப்புப் பணியாளர் படிப்புக்கு, வழிநடத்தப்படுகிறார்கள். மதிப்புள்ள வேலை, முதுகை உடைக்கும் வேலை. அதை ஒருவர் தெரிந்தெடுப்பதும் வேறு தெரிவே காட்டப்படாமல் அதில் வந்து சேர்வதும் ஒன்றாகிவிடாது. வகுப்புகள் பெரும்பாலும் பகலில். இரவு கிளீனிங் முடித்துக் காலை ஆறு மணிக்கு வருபவர் ஒன்பது மணி வகுப்பில் பின்னம் படிப்பது எப்படி என்று திட்டம் வகுத்தவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் ஒவ்வொரு கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. இரவு விருந்து வைத்து ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் கட்டப் பணம் சேர்க்கிறார்கள். நல்லது. அதே மண்டபத்தில் கோப்பை கழுவுபவர் அதே பாடசாலையில் எட்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். அவர் படிப்பதற்கு இங்கே என்ன செய்தோம்? மகள் வைத்தியத்துறைக்கு எடுபட்டால் பத்திரிகையில் அரைப்பக்க வாழ்த்து. தகப்பன் ஐம்பது வயதில் பத்தாம் வகுப்புக் கணிதம் சித்தியடைந்ததற்கு ஒரு நாலு வரி வாழ்த்தை நான் இதுவரை கண்டதில்லை. படிப்பை அறிவாக அல்லாமல் அந்தஸ்தாகவே பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்து மனம், தாமதமாகப் படிப்பவரை அந்தஸ்து இழந்தவராகவே காண்கிறது. கொலிஜ் போட்ட 'ஐந்தாம் வகுப்பு' முத்திரைக்கு மேல் நாங்களும் ஒரு முத்திரை குத்துகிறோம். ஆகவே அவர் வெளியே சொல்வதில்லை. சொல்லாதவர்கள் சேர்ந்து எதையும் கேட்கப்போவதில்லை. ஐந்தாவது பிரிவு ஒன்று வேண்டும், தமிழில் கணக்கும் எழுத்தும் தொடங்கவேண்டும், மாலை வகுப்பு வேண்டும் என்ற கோரிக்கை எந்த அமைச்சின் மேசைக்கும் போகாததற்கு இது போதிய காரணம்.

'கனடாவில் தமிழில் கணக்குப் படிச்சு என்ன செய்யிறது?' என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. ஊர் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார், பத்துப்பேர் கேட்டிருப்பார்கள், அவர்களில் வாசிக்கத் தெரியாதவர் யார் என்று யாரும் தேடமாட்டார்கள். அந்தக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் 'சனசமூக நிலையம்' என்றிருக்கும். 'கொம்யூனிற்றி கொலிஜ்' என்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் சனசமூகக் கல்லூரி என்றுதான் வரும். எங்களுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை.

இடமும் இல்லாமல் இல்லை. 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் தொடர்ச்சியாக ஒன்ராறியோப் பாடசாலைச் சபைகள் அரச செலவில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றன. வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம்வரை. பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்கவும் பணம் உண்டு, தாய்க்கு ஆங்கிலம் படிப்பிக்கவும் பணம் உண்டு, தாய்க்குத் தமிழ்வழி எதையேனும் படிப்பிக்க மட்டும் பணம் இல்லை. சனிக்கிழமை காலை அந்தப் பாடசாலைகளுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே பிள்ளைகள் அ, ஆ எழுதிக்கொண்டிருக்க, இரண்டரை மணித்தியாலமும் பெற்றோர் காருக்குள்ளும் நடைபாதை வாங்குகளிலும் கோப்பியுடன் காத்திருக்கிறார்கள். பக்கத்து வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேராவது அந்த வாங்குகளிலேயே பேரப்பிள்ளைகளுக்காகக் குந்தியிருப்பார்கள். ஒரு அறையைத் திறந்துவிடும்படி அதிபரிடம் கேட்க ஒரு கடிதம் போதும். அதை எழுத எந்தப் பெற்றோர் குழு முன்வரும் என்பதை அடுத்த இதழுக்குள் அறிய ஆவல்.